இணைந்திருக்கும் சாதனங்களைக் கண்டுபிடிக்க ஒரு புது கெர்னல் இடைமுகம்: ரிவ்யூ செய்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

லினக்ஸ் கெர்னலில் ஒரு பிழைத்திருத்தத்தை ரிவ்யூ செய்வதும், யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்கள்) தொடக்கூடிய புது இடைமுகத்தை ரிவ்யூ செய்வதும் ஒரே வேலை அல்ல. பிழைத்திருத்தத்தில் தப்பு நடந்தால் அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம். இடைமுகம் தப்பாக வெளியே போய்விட்டால், அதை நம்பி யாரோ ஒருவர் எங்கோ ஒரு நிரல் எழுதியிருப்பார். "யூசர்ஸ்பேஸை உடைக்கக் கூடாது" என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாமல் பிடித்துவரும் விதி. அதனால் அந்தத் தப்பை அப்புறம் வருடக்கணக்கில் சுமக்க வேண்டியதுதான்.

பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 16 ஸ்லாட் உள்ள ஓர் அளவீட்டுப் பெட்டி. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டுகளைச் செருகலாம், கழற்றலாம். எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு இருக்கிறது என்று சொல்ல, டிரைவர் எழுதியவர் ஒரு கேரக்டர் டிவைஸையும் (ஃபைல் போலத் திறந்து பயன்படுத்தும் சாதன நோட்), ஓர் ஐஆக்டலையும் (அந்த ஃபைல் வழியாக டிரைவருக்குத் தனிக் கட்டளை கொடுக்கும் அழைப்பு) முன்மொழிகிறார். அந்த ஐஆக்டலைக் கூப்பிட்டால் ஓர் எண்ணிக்கையும், 16 கார்டுகளின் விவரமும் வரும். ஒவ்வொரு கார்டுக்கும் 1 பைட் ஸ்லாட் எண், 8 பைட் சீரியல் எண், 20 பைட் பெயர். உதாரணம் நான் உண்டாக்கியது. ஆனால் இதில் இருக்கும் தப்புகள் எல்லாமே உண்மையான பேட்ச்களில் (ரிவ்யூவுக்கு வரும் நிரல் மாற்றங்களில்) திரும்பத் திரும்ப வருபவை.

பேட்சைத் திறந்ததும் முதலில் எதைப் படிப்பது?

நிரல் வரிகளை அல்ல. இதை யார் கூப்பிடப் போகிறார்கள் என்பதைத் தேடுங்கள். கவர் லெட்டரில் (பேட்சோடு வரும் அறிமுகக் கடிதத்தில்) அது இல்லை என்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்தப் பட்டியலை வாங்கி உங்கள் நிரல் என்ன செய்யும்? அந்த நிரலைப் பார்க்க முடியுமா?"

பதில் வந்ததும் பாதி நேரம் புது இடைமுகமே தேவையில்லை என்று தெரிந்துவிடும். கெர்னலின் டிவைஸ் மாடல் இதற்காகவே இருக்கிறது. டிரைவர் ஒரு பஸ்ஸைப் பதிவு செய்து, ஒவ்வொரு கார்டையும் அதில் ஒரு டிவைஸாகச் சேர்த்தால், சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் தகவல்களை ஃபைல்களாகக் காட்டும் இடத்தில்) பட்டியல் தானாக வந்துவிடும். கார்டைச் செருகும்போதும் கழற்றும்போதும் யூஈவென்ட் என்ற அறிவிப்பு தானாகப் போகும். மோட்அலையாஸையும் (எந்த டிரைவர் பொருந்தும் என்று காட்டும் அடையாளச் சரம்) நிரப்பிவிட்டால் கார்டுக்கான மாட்யூலை யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் யூசர்ஸ்பேஸ் நிரல்) தானாக ஏற்றும். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி போன்ற கருவிகள் நம்பி ஓடுவது இந்த ஏற்பாட்டைத்தான். இத்தனையும் கையில் இருக்கும்போது தனி ஐஆக்டல் எதற்கு என்று விளக்க வேண்டியது பேட்ச் அனுப்பியவரின் பொறுப்பு. வேண்டாம் என்று நிரூபிப்பது ரிவ்யூ செய்பவரின் வேலை அல்ல.

அப்படியானால் ஐஆக்டலே கூடாதா?

கூடும். எந்த வழி எதற்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு ஃபைலுக்கு ஒரு மதிப்பு என்பது விதி. ஒரு ஃபைல் ஒரு பேஜுக்குள், பெரும்பாலான கணினிகளில் 4096 பைட்டுக்குள், அடங்க வேண்டும். ஷெல் ஸ்கிரிப்ட்டிலிருந்துகூடப் படிக்கலாம் என்பது அதன் பலம். ஐந்து மதிப்புகளை ஒரே நொடியின் நிலவரமாகச் சேர்த்து வாங்க முடியாது என்பது அதன் பலவீனம். அப்படிச் சேர்த்து வாங்குவது உண்மையிலேயே தேவைப்பட்டால் ஐஆக்டல் நியாயம். பலருக்கு ஒரே சமயத்தில் செய்தி போக வேண்டும் என்றால் நெட்லிங்க் (கெர்னலும் நிரல்களும் செய்தி பரிமாறும் சாக்கெட்). பிராக்எஃப்எஸ்ஸில் புதிதாக எதையும் வைக்க வேண்டாம்; அது புராசஸ்களுக்கான இடம். டீபக்எஃப்எஸ் என்பது, டிரைவர் எழுதுபவரின் சொந்த உபயோகத்துக்கு. அங்கே இருப்பதை நம்பி ஒரு தயாரிப்பு ஓடும் என்றால், அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

சாதனத்துக்கு எண்ணோ பெயரோ வைப்பதில் ஏன் இவ்வளவு சண்டை?

அதில் பட்ட அடி அதிகம். 2000-இல் கெர்னலுக்குள் வந்த டெவ்எஃப்எஸ், டெவ் அடைவில் எந்தச் சாதனத்துக்கு என்ன பெயர் என்பதையும் கெர்னலுக்குள்ளேயே முடிவு செய்தது. அதன் ரேஸ் கண்டிஷன்களை (ஒரே சமயத்தில் நடப்பவை மோதி வரும் பிழைகளை) கெர்னல் டெவலப்பர் ஆல் வைரோ கடுமையாக விமர்சித்தார். பெயர் வைப்பது கெர்னலின் வேலையே இல்லை என்ற வாதமும் வலுத்தது. 2003-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யூடெவைக் கொண்டுவந்தார். சாதனம் வந்திருப்பதை கெர்னல் சொல்லும், பெயரை யூசர்ஸ்பேஸ் வைக்கும். 2006-இல் 2.6.18 பதிப்பில் டெவ்எஃப்எஸ் முழுசாக நீக்கப்பட்டது. 2009 டிசம்பரில் 2.6.32-இல் வந்த டெவ்டிஎம்பிஎஃப்எஸ், அடிப்படைப் பெயரில் நோட்களை மட்டும் உண்டாக்கிவிட்டு, உரிமைகளையும் சிம்லிங்க்குகளையும் யூடெவிடமே விட்டது. ஆக, கெர்னலுக்கும் யூசர்ஸ்பேஸுக்கும் நடுவில் கோடு எங்கே விழ வேண்டும் என்று தெளிய கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆனது.

எண்களின் கதையும் அதேதான். ஜிபிஐஓ என்பது சிப்பின் பின்களை நிரலிலிருந்து இயக்கும் வசதி. அதன் பழைய சிஸ்எஃப்எஸ் இடைமுகத்தில் கணினி முழுவதற்கும் ஒரே எண் வரிசை. எந்தச் சிப் எந்த எண்ணில் தொடங்கும் என்பது கெர்னலின் உள் விவகாரம், ஆனால் வெளியே தெரிந்தது அந்த எண்தான். ராஸ்பெரி பை போர்டுகள் பல 6.6 கெர்னலுக்கு மாறியபோது அந்தத் தொடக்கம் 0-இலிருந்து 512-க்கு நகர்ந்தது. 17 என்று எழுதியிருந்த ஸ்கிரிப்ட்களில் 529 என்று மாற்ற வேண்டி வந்தது.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்கூடத்தில் எடைத் தராசும் பார்கோடு ஸ்கேனரும் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் வழியாக ஒரே கணினியில் இருந்தன. மின்வெட்டுக்குப் பிறகு கணினி மறுபடி எழுந்தபோது 0 என்ற போர்ட்டும் 1 என்ற போர்ட்டும் இடம் மாறிவிட்டன. எடை வர வேண்டிய இடத்தில் பார்கோடு வந்து விழுந்தது. இரண்டு மணி நேரம் எல்லோரும் கேபிளைத்தான் சந்தேகப்பட்டோம். அன்றிலிருந்து எந்தப் பேட்சிலும் "இந்த எண் ரீபூட்டுக்குப் பிறகும் இதே பொருளைக் குறிக்குமா?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை. நம் 16 ஸ்லாட் பெட்டியில் ஸ்லாட் எண் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. அது நல்ல அடையாளம். கண்டுபிடித்த வரிசையில் 0, 1, 2 என்று கொடுப்பது கெட்ட அடையாளம்.

பட்டியல் சரி. நடுவில் ஒரு கார்டைக் கழற்றினால்?

இந்த மாதிரி இடைமுகத்தில் என் கண் நிற்கும் இடம் இதுதான். பொறுமையாகப் பார்ப்போம்.

"என்னென்ன இருக்கிறது?" என்று கேட்பது ஒரு வேலை. "என்ன மாறியது?" என்று காத்திருப்பது இன்னொரு வேலை. பல பேட்ச்களில் இரண்டும் தனித்தனியாக, ஒன்றையொன்று தெரியாமல் இருக்கும். ஒரு நிரல் பட்டியலை வாங்குகிறது, பிறகு நிகழ்வுகளைக் கேட்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கார்டு செருகப்பட்டால் அது பட்டியலிலும் இருக்காது, நிகழ்விலும் வராது. அந்த நிரலைப் பொறுத்தவரை அந்தக் கார்டு பிறக்கவே இல்லை.

யூடெவ் உலகத்தில் சரியான முறை தலைகீழ். முதலில் நிகழ்வுகளுக்குப் பதிவு செய். பிறகு பட்டியலை வாங்கு. இரண்டிலும் வந்ததை ஒருமுறைதான் எண்ணு. புது இடைமுகம் இந்த முறைக்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் வருவதும் நிகழ்வில் வருவதும் ஒரே கார்டுதான் என்று அடையாளம் காண வழி இருக்க வேண்டும். ஒரு கார்டைக் கழற்றி அதே ஸ்லாட்டில் வேறொன்றைச் செருகினால் இரண்டும் வேறு என்றும் தெரிய வேண்டும்.

அடுத்தது, நிகழ்வு தொலைந்துபோவது. படிப்பவர் மெதுவாக இருந்தால் நெட்லிங்க் சாக்கெட்டின் பஃபர் நிரம்பி, ஈநோபஃப்ஸ் என்ற பிழை வரும். அது வந்தால் பட்டியலைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நிரலுக்குத் தெரிகிறது. தொலைந்ததே தெரியாமல் தொலைந்தால்தான் ஆபத்து. ஜிபிஐஓவின் இரண்டாம் பதிப்பு ஐஆக்டல்களில் ஒவ்வொரு நிகழ்வோடும் இரண்டு வரிசை எண்கள் வருவது இதனால்தான்: அந்த வேண்டுகோளில் எத்தனையாவது நிகழ்வு, அந்த லைனில் எத்தனையாவது நிகழ்வு. இடையில் எண் தாவினால் ஏதோ விட்டுப்போனது என்று படிப்பவர் கண்டுகொள்வார். கேமரா, வீடியோ சாதனங்களுக்கான மீடியா கன்ட்ரோலரில் டோப்பாலஜியை (இணைப்பு வரைபடத்தை) கேட்கும் ஐஆக்டல் ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்துத் தருகிறது. இரண்டு முறை கேட்டு, எண் மாறியிருந்தால் நடுவில் ஏதோ நகர்ந்திருக்கிறது. நம் பேட்சில் இப்படி எதுவும் இல்லை. இதை ஒரு குறையாகவே எழுதுங்கள். "இருந்தால் நன்றாக இருக்கும்" என்று மென்மையாகச் சொன்னால் அது அடுத்த பதிப்பிலும் வராது.

"எல்லாக் கார்டும் வந்துவிட்டது" என்று சொல்லும் ஒரு நிகழ்வைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். யூஎஸ்பி ஹப்கள் தன் போக்கில் ஸ்கேன் ஆகின்றன. தேவையான கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் வராததால் ஒரு டிரைவரின் புரோப் (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் வேலை) தள்ளிப்போகலாம். செருகிக் கழற்றும் பெட்டியில் "முடிந்தது" என்ற நொடியே கிடையாது. இல்லாத ஒரு நொடியை இடைமுகத்தில் எழுதிவைத்தால் நிரல்கள் அதற்காகக் காத்துக் கிடக்கும். நிரலுக்கு 3-ஆவது ஸ்லாட்டின் கார்டு வேண்டும் என்றால் அது வரும்வரை காத்திருக்கட்டும்.

யூஈவென்ட் போகிறது, ஆனால் யூடெவ் விதியில் ஆட்ரிப்யூட்டை (சாதனத்தின் ஒரு சிஸ்எஃப்எஸ் ஃபைலை) படித்தால் சில சமயம் காலியாக இருக்கிறது. ஏன்?

டிவைஸைப் பதிவு செய்த பிறகு ஆட்ரிப்யூட் ஃபைலைத் தனியாக உண்டாக்கியிருப்பார்கள். பதிவு செய்யும்போதே யூஈவென்ட் கிளம்பிவிடுகிறது. யூடெவ் வேகமாக வந்து பார்க்கும்போது ஃபைல் இன்னும் பிறக்கவில்லை. மேசையில் நூறு முறை சோதித்தாலும் ஒழுங்காக ஓடும். வேகமான ஒரு கணினியில், பூட் நேரத்தில் மட்டும் தவறும். ஆட்ரிப்யூட்களை ஒரு குழுவாக டிவைஸோடு முன்கூட்டியே இணைத்துவிட்டால், யூஈவென்ட் போவதற்கு முன்பே டிரைவர் கோர் அவற்றை உண்டாக்கிவிடும். பேட்சில் டிவைஸ் கிரியேட் ஃபைல் என்ற அழைப்பு தெரிந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் இடைமுகத்தில் புது நிகழ்வு ஒன்றைச் சேர்ப்பது பாதுகாப்பானதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 4.14 கெர்னலில் பைண்ட், அன்பைண்ட் என்ற இரண்டு யூஈவென்ட்கள் சேர்ந்தன. டிரைவர் ஒரு சாதனத்தோடு ஒட்டுவதையும் விலகுவதையும் தெரிவிக்க, நல்ல நோக்கத்தில்தான். ஆனால் உலகம் முழுவதும் எழுதியிருந்த யூடெவ் விதிகள் பல "ஆட் அல்லது சேஞ்ச் இல்லையென்றால் மீதியைத் தாண்டிப் போ" என்று தொடங்கின. பைண்ட் வந்ததும் அந்த விதிகள் தாண்டிப் போயின. ஆட் வந்தபோது ஒட்டிய டேக்குகளும் பண்புகளும் காணாமல் போயின. 2020-இல் வந்த, யூடெவை உள்ளடக்கிய சிஸ்டம்டி 247-இன் வெளியீட்டுக் குறிப்பில் இதை கெர்னல் ஏபிஐ பொருந்தாமை என்றே தலைப்பிட்டு, டேக்குகள் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்ற வேண்டி வந்ததாக விளக்கினார்கள். கெர்னல் பக்கத்தில் பார்த்தால் வெறும் கூட்டல். அதனால், தெரியாத நிகழ்வு வந்தால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரக்ட்டில் (ஐஆக்டல் தரும் தரவின் அமைப்பில்) என்ன தேட வேண்டும்?

பேனாவும் காகிதமும் எடுங்கள். நம் பேட்சின் ஒரு கார்டு விவரம்: 1 பைட் ஸ்லாட், 8 பைட் சீரியல், 20 பைட் பெயர். 64 பிட் எக்ஸ்86-இல் 8 பைட் எண் 8-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். எனவே ஸ்லாட்டுக்குப் பின் 7 பைட் காலி, கடைசியில் 4 பைட் காலி, மொத்தம் 40 பைட். 32 பிட் எக்ஸ்86-இல் அதே எண் 4-இன் மடங்கில் தொடங்கலாம். அங்கே 3 பைட் காலி, மொத்தம் 32 பைட். 64 பிட் கெர்னலில் ஒரு 32 பிட் நிரலை ஓட்டினால் முதல் கார்டின் சீரியலிலிருந்தே எல்லாம் இடம் மாறித் தெரியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஜிபிஐஓவின் முதல் பதிப்பு நிகழ்வு ஸ்ட்ரக்ட்டில் 8 பைட் நேரமும் 4 பைட் அடையாளமும் இருந்தன: 64 பிட்டில் 16 பைட், 32 பிட் எக்ஸ்86-இல் 12 பைட். 2020 டிசம்பரில் 5.10-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதைச் சரிசெய்து, பின்னால் வருவதற்கு இடமும் ஒதுக்கியது.

அந்தக் காலி இடங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கெர்னல் ஸ்டாக்கில் ஸ்ட்ரக்ட்டை வைத்து, ஃபீல்டுகளை மட்டும் நிரப்பி, அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் காலி பைட்களில் பழைய கெர்னல் நினைவகம் வெளியே போகும். கார்டுக்கு 11 பைட், 16 கார்டுக்கு 176 பைட். இதற்கு வழி எளிது: சீரியலை முதலில் வை, ஸ்லாட்டை 4 பைட் ஆக்கு, காலி இடத்துக்குப் பெயர் கொடுத்துப் பூஜ்யம் நிரப்பு. பாயின்டர் இருந்தால் அதையும் 64 பிட் எண்ணாகவே எடுத்துக்கொள்.

அப்புறம் அந்த 16. அடுத்த வருஷம் 24 ஸ்லாட் பெட்டி வந்தால்? எண்ணிக்கையை முதலில் கேட்டு, அதற்கேற்ற பஃபரோடு இரண்டாம் முறை கேட்கும் முறை நன்றாகப் பழகிய ஒன்று.

எதிர்காலத்துக்காக ஒரு ஃபிளாக் ஃபீல்டு வைத்திருக்கிறார்கள். போதுமா?

தெரியாத ஃபிளாக் வந்தால் ஈஇன்வால் (தவறான மதிப்பு) என்ற பிழையோடு திருப்பி அனுப்புகிறதா என்று பாருங்கள். திருப்பாவிட்டால் அந்த ஃபீல்டு இருந்தும் இல்லாததுதான். யாரோ குப்பை மதிப்போடு அனுப்பி, அது ஓடியும்விட்டால், நாளை அந்த பிட்டுக்கு அர்த்தம் கொடுக்கும் நாளில் அவர் நிரல் உடையும். ஒதுக்கிய பைட்களுக்கும் இதே விதி. ஸ்ட்ரக்ட் வளரும் என்று தெரிந்தால், அளவையும் சேர்த்து வாங்கிச் சரிபார்க்க 5.4-இலிருந்து காப்பி ஸ்ட்ரக்ட் ஃப்ரம் யூசர் என்ற உதவிச் செயல்பாடு இருக்கிறது. தனக்குத் தெரியாத வால் பகுதியில் பூஜ்யம் அல்லாத எதுவும் இருந்தால் அது மறுத்துவிடும்.

ஃபைல் திறந்திருக்கும்போதே கார்டு போய்விட்டால்?

மேலாகப் படித்தால் தெரியாத தப்பு இது. கார்டின் நினைவகத்தை ரிமூவ் செயல்பாட்டிலேயே விடுவித்திருந்தால், ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அடுத்து கேட்கும்போது விடுவித்த நினைவகத்தைத் தொடும். கடைசி ரெஃபரன்ஸ் போன பிறகு ரிலீஸ் செயல்பாட்டில்தான் விடுவிக்க வேண்டும். நடுவில் வரும் அழைப்புகளுக்கு ஈநோடெவ் (சாதனம் இல்லை) என்ற பிழையைக் கொடுக்க வேண்டும். போல் என்ற அழைப்பில் நிகழ்வுக்காகக் காத்துத் தூங்கும் நிரலை எழுப்பிவிடவும் வேண்டும்; பலர் மறப்பது இந்தக் கடைசியை.

பட்டியலைப் படிக்க ரூட் (நிர்வாகி) உரிமை தேவையா?

ஸ்லாட், பெயர் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். சீரியல் எண் ஓர் இயந்திரத்தைத் தனியாக அடையாளம் காட்டும். டிஎம்ஐ தகவல்களில் (ஃபர்ம்வேர் தரும் கணினி விவரங்களில்) தயாரிப்புச் சீரியல் எண்ணை ரூட் மட்டும் படிக்கும்படி 0400 உரிமையில் வைத்திருக்கிறார்கள். அதே வழக்கத்தைப் பின்பற்றச் சொல்லுங்கள். நெட்லிங்க் என்றால், செய்தியை அனுப்பியது கெர்னல்தானா என்று யூசர்ஸ்பேஸ் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காததால்தான் 2009-இல் யூடெவில் ஒரு சாதாரணப் பயனர் போலிச் செய்தி அனுப்பி ரூட் ஆகும் ஓட்டை வெளிப்பட்டது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2009-1185 என்பது அதன் எண்.

பெட்டி என்னிடம் இல்லை. எப்படிச் சோதிப்பது?

பெட்டி இல்லாமலே சோதிக்க வழி கேளுங்கள். ஜிபிஐஓவுக்கு ஜிபிஐஓ-சிம் என்ற போலிச் சிப் கெர்னலிலேயே இருக்கிறது, யூஎஸ்பிக்கு டம்மி எச்சிடி இருக்கிறது. இந்தப் பெட்டிக்கும் அதுபோல ஒரு சின்ன மாட்யூலும், அதன் மேல் ஓடும் செல்ஃப்டெஸ்ட்டும் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. ஒரு திரெட் கார்டைச் செருகிக் கழற்றிக்கொண்டே இருக்கட்டும், இன்னொன்று பட்டியலை வாங்கிக்கொண்டே இருக்கட்டும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானும், லாக் பிழைகளைப் பிடிக்கும் லாக்டெப்பும் இயக்கத்தில் இருக்கட்டும். டீபக் கோப்ஜெக்ட் ரிலீஸ் என்ற கான்ஃபிக் தேர்வை இயக்கினால் ரிலீஸ் வேண்டுமென்றே தாமதமாகும்; ஃபைல் திறந்திருக்கும்போதே கார்டு போவதைப் பற்றிய கேள்வியில் சொன்ன தப்பு அப்போது வெளியே வந்துவிடும்.

ஆவணம்?

சிஸ்எஃப்எஸ் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் கெர்னலின் ஏபிஐ ஆவண அடைவில் பதிவு வேண்டும். புதியது டெஸ்டிங் பிரிவில் தொடங்கலாம். ஆனால் அங்கே இருப்பதால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிரல் எழுதுபவர்கள் எந்த அடைவு என்று பார்ப்பதில்லை.

"இது எங்கள் பெட்டிக்கு மட்டும்தான், எங்கள் நிரல் மட்டும்தான் கூப்பிடும்" என்று பதில் வந்தால்?

அவர் சொல்வது இன்றைக்கு உண்மையாக இருக்கும். மெயின்லைனில் (லினஸின் அதிகாரபூர்வ கெர்னலில்) சேர்ந்த பிறகு யார் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கே தெரியாது. பழைய நிரல் புதுக் கெர்னலிலும், புது நிரல் பழைய கெர்னலிலும் அவருடைய வாடிக்கையாளர்களிடமே ஓடும். கோபப்படாமல், அந்த இரண்டு நிலையிலும் என்ன நடக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்காரும்போது அவரே பல ஃபீல்டுகளை மாற்றுவார்.

கடைசியில் இந்த 16 ஸ்லாட் பேட்சுக்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள்?

இப்படி எழுதுவேன்:

"வேலைக்கு நன்றி. கார்டுகளைக் கண்டறியும் பகுதி தெளிவாக இருக்கிறது. அதில் எனக்குக் கேள்வி இல்லை. பட்டியல் ஐஆக்டலை மட்டும் இந்தத் தொடரிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிலுக்கு ஒரு பஸ்ஸைப் பதிவு செய்து, ஸ்லாட், பெயர், சீரியல் மூன்றையும் ஆட்ரிப்யூட் குழுவாக வையுங்கள், சீரியல் மட்டும் 0400. டிவைஸ் பெயரில் ஸ்லாட் எண் இருக்கட்டும். கார்டு நினைவகத்தை ரிலீஸில் விடுவியுங்கள். 212-ஆவது வரியில் ரிமூவிலேயே விடுவிக்கிறீர்கள். எல்லாக் கார்டுகளையும் ஒரே நொடியின் நிலவரமாக வாங்க வேண்டிய தேவை உங்கள் நிரலுக்கு உண்மையிலேயே இருந்தால், அந்த நிரலின் சுட்டியோடு ஐஆக்டலைத் தனிப் பேட்சாக அனுப்புங்கள், லினக்ஸ்-ஏபிஐ மின்னஞ்சல் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்ட் அமைப்பைப் பற்றி அங்கே பேசலாம். அடுத்த பதிப்பில் என்னையும் சிசியில் போடுங்கள், அந்த வாரமே படித்துவிடுகிறேன்."